வெளிச்சம் பார்த்து வைக்கிற பல்

தி.நகரில் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஓடும் தெருவொன்றில், ஒரு மேட்சிங் சென்டரின் மாடியில் இருக்கிறது அந்த லேப். வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. படிக்கட்டு குறுகல், மேலிருந்து ஒருவர் இறங்கினால் ஏறுகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். மேலே போனதும் முதலில் காதுக்கு வருவது சின்ன கிரைண்டரின் கீச்சொலி. பிறகு மெழுகும் கல்மாவும் கலந்த வாடை. நீள மேசையில் நீலமும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவிலும் ஒருவருடைய தாடை, கல்மாவில் வார்த்தது. டப்பாவின் மேல் சீட்டு: மயிலாப்பூர், 21, ஏ3. அடையாறு, 46, பி2. நந்தனம், 11, 12, 21, 22, ஏ1.

21 என்றால் மேல்வரிசையில் இடப்பக்க முன்பல். 46 என்றால் கீழ்வரிசையில் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல். எழுத்தும் எண்ணும் நிறத்தைச் சொல்கின்றன. இங்கே ஆட்களை ஊரும் எண்ணும்தான் அடையாளம் காட்டுகின்றன. “அந்த மயிலாப்பூர் டூ-ஒன் எங்கடா வெச்சே?” என்று ஒரு குரல். “பர்னஸ் பக்கத்துல இருக்குண்ணே” என்று இன்னொன்று.

கதவோரத்து ஸ்டூல் எனக்குக் கொடுத்திருக்கும் இடம். பேச்சுக் கொடுத்தால் வேலை கெடும் என்று லேப்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான். எனக்கும் அதுவே போதும்.

ஜன்னலோர மேசை மாஸ்டருடையது. எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அறுபதை நெருங்கும் வயது. செய்யாறு பக்கத்துக்காரர். டென்டல் மெக்கானிக் டிப்ளமா முடித்து, அக்ரிலிக் பல்செட்டிலும் ஸ்டீல் கேப்பிலும் கை பழகி, பீங்கானுக்கு வந்து சேர்ந்தவர். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி. வலது கைச் சுண்டுவிரல் எப்போதும் மேசை விளிம்பில் ஊன்றியிருக்கும். அந்த ஊன்றலில்தான் தூரிகை நடுங்காமல் நிற்கிறது.

கண்ணாடிப் பலகையில் ஒரு சிட்டிகைப் பொடி. இரண்டு சொட்டுத் திரவம். கலக்குவதும் கண்ணாடிக் கரண்டியால்தான். இரும்புக் கரண்டியானால் அதன் துகள் உரசிக் கலந்து, சுட்ட பிறகு கறையாகத் தெரியும். குழைந்த மாவைத் தூரிகை நுனியில் எடுத்து, ஒரு சின்ன உலோகக் கூட்டின் மேல் வைக்கிறார். வைத்ததும், ரம்பம் வெட்டிய ஒரு கைப்பிடியால் அடியில் மெல்ல உரசுகிறார். அந்த அதிர்வில் மாவுக்குள் இருந்த நீர் மேலே மினுங்கிக்கொண்டு வருகிறது. டிஷ்யூ காகிதத்தின் ஓரம் தொட்டதும் நீர் காகிதத்துக்கு ஏறிவிடுகிறது. துகள்கள் இன்னும் நெருங்கி உட்காருகின்றன. மறுபடி மாவு, மறுபடி உரசல், மறுபடி காகிதம். ஒரு பல்லுக்கு இதை எத்தனை தடவை செய்கிறார் என்று எண்ண முடியவில்லை. கை ஓரிடத்திலும் நிற்பதில்லை, அவசரப்படுவதுமில்லை.

இவ்வளவு பாடும் சுருக்கத்துக்காக. சுடும்போது இந்தப் பொடி தன் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். நீர் தங்கிய அளவுக்குச் சுருக்கம் கூடும், காற்றுக்குமிழியும் கூடும். அதனால் அவர் கட்டும் பல் வேண்டுமென்றே பருத்திருக்கிறது. பக்கத்துப் பற்களோடு சேராத பருமன். நிறமும் சம்பந்தமில்லாத நிறம். உள்ளடுக்குப் பொடி இளஞ்சிவப்பு, மேலடுக்குப் பொடி வெளிர்நீலம். அடுக்குகள் கண்ணுக்குப் பிரிந்து தெரிவதற்காகச் சேர்த்த சாயம் அது. நெருப்பில் எரிந்து போய்விடும். ஆக, அளவும் இதுவல்ல, நிறமும் இதுவல்ல என்று தெரிந்துகொண்டே, வரப்போகும் பல்லை மனசில் வைத்துக்கொண்டு கையால் வேறொரு பல்லைக் கட்டுகிறார் மனிதர். நான் பார்த்திருக்கும் கைவேலைகளில் இதற்குமேல் ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கட்டியதைப் பர்னஸின் வாயருகே சில நிமிடங்கள் காட்டுகிறார். ஈரம் மெதுவாகப் போக வேண்டும். திடீரென்று உள்ளே போனால் நீராவி பல்லை வெடிக்க வைத்துவிடும். பிறகு மேடை தானாக உள்ளே ஏறுகிறது. உள்ளே காற்றை உறிஞ்சிவிடுகிறார்கள். வெப்பம் 900 டிகிரியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வெளியே வரும்போது பல் ஆரஞ்சாகக் கனன்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகி, மஞ்சள் வெளுத்து, யாரோ ஒருவருடைய பல்லாகிவிடுகிறது. மாஸ்டர் அதை உடனே எடுப்பதில்லை. ஆறட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த டப்பாவைத் திறக்கிறார்.

இந்தச் சுருக்கத்தோடு மனிதர்கள் மல்லுக்கு நிற்பது நேற்றைய கதையல்ல. 1774-ல் பாரிஸுக்கு அருகே அலெக்சிஸ் டியூஷாதோ என்றொரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். தந்தத்தில் கடைந்த பல்செட் போட்டிருந்தார். மருந்துகளை வாயில் வைத்துச் சுவை பார்த்துப் பார்த்து, தந்தம் அவற்றின் நாற்றத்தையும் கறையையும் குடித்துக்கொண்டது. தன் கடையின் பீங்கான் பாத்திரங்களில் எந்த நாற்றமும் தங்குவதில்லை என்று கவனித்தவர், பீங்கானிலேயே பல்செட் சுடச் சொன்னார். சூளையிலிருந்து வந்தது ஒவ்வொரு முறையும் சுருங்கி, வாய்க்கு உதவாததாக வந்தது. நிக்கோலா டூபுவா தெ ஷெமான் என்ற பல் மருத்துவரின் துணையோடுதான் ஒருவழியாக வாயில் உட்காரும் செட் கிடைத்தது. 1789-ல் அதற்குக் காப்புரிமை வாங்கியவர் அந்த மருத்துவர். இன்று சரித்திரப் புத்தகங்களில் இருவர் பெயரும் சேர்ந்தே வருகின்றன என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

பீங்கானுக்கு அழகு உண்டு, வலு இல்லை. தனியாக நிற்கும் சாதாரணப் பீங்கான் 100 மெகாபாஸ்கல் அழுத்தம் வருவதற்குள்ளாகவே வளைவில் முறிந்துவிடும். மாஸ்டர் கையிலிருக்கும் உலோகக் கூடு அதற்காகத்தான். ஆனால் உலோகம் சூட்டில் பீங்கானைவிட அதிகம் விரியும்; ஆறும்போது அதிகம் சுருங்கும்; மேலிருக்கும் பீங்கான் விரிசல் விட்டுத் தெறிக்கும். 1962-ல் அமெரிக்காவில் வைன்ஸ்டைன் குழுவினர் காப்புரிமை பெற்ற கலவை இந்தச் சிக்கலைத் தீர்த்தது. லூசைட் என்னும் படிகத்தைச் சேர்த்ததும் பீங்கானின் விரிவு உயர்ந்து உலோகத்துக்கு அருகில் வந்தது. இரண்டும் சரிசமமாகிவிடவும் கூடாது. உலோகம் இம்மியளவு கூடுதலாகச் சுருங்க வேண்டும். அப்போதுதான் அது பீங்கானை எல்லாப் பக்கத்திலிருந்தும் இறுக்கிப் பிடிக்கும். இறுக்கத்தைப் பீங்கான் நன்றாகவே தாங்கும், இழுத்தால்தான் விட்டுவிடும்.

சென்னையில் இத்தனை வருஷங்களாக லட்சக்கணக்கான வாய்களில் போனது இந்த உலோகப் பீங்கான் கேப்தான். உழைக்கும். விலையும் எட்டும். குறை என்னவென்றால், உலோகத்தின் கருமை மேலே தெரியாதபடி முதலில் ஒளிபுகா வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுத்தாக வேண்டும். அந்தப் பூச்சில் வெளிச்சம் முட்டித் திரும்பிவிடும். இயற்கைப் பல்லிலோ வெளிச்சம் உள்ளே போய் அலைந்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. சில வருஷங்களில் ஈறு கொஞ்சம் இறங்கினால் ஓரத்தில் கருநீலக் கோடு ஒன்று எட்டிப் பார்க்கும். சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பெண்களை மாட வீதிகளில் நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்காவது அந்தக் கோடுதான் காரணமாக இருக்கும்.

உள்ளறை வேறு உலகம். ஏசி, இரண்டு கம்ப்யூட்டர் திரை, ஒரு ஸ்கேனர், ஒரு மில்லிங் மெஷின். பொடியும் தூரிகையும் இங்கே இல்லை. இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி திரையில் கடைவாய்ப்பல்லின் மேடு பள்ளங்களை மவுஸால் இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருக்கிறாள். எதிர்ப்பல் எங்கெங்கே முட்டும் என்பதைச் சிவப்புத் திட்டுகள் காட்டுகின்றன. மெஷினுக்குள் 98 மில்லிமீட்டர் அகலமான வெள்ளை வட்டு ஒன்று, சர்கோனியா. சுடுவதற்கு முன் விரலில் வெள்ளை ஒட்டும், நகத்தால் கீறலாம். இதுவும் சுருங்கும் சாதிதான். அதனால் மெஷின் ஒவ்வொரு பல்லையும் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ பெரிதாகக் குடைகிறது. ஒவ்வொரு வட்டிலும் அதற்கான சுருக்க எண் அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தப் பெண் அதை இரண்டு தடவை படித்து, அடித்த பிறகு மூன்றாவது தடவையும் பார்க்கிறாள். புள்ளிக்குப் பிறகு ஓர் எண் தவறினால், சுட்டு வரும் கேப் யார் பல்லிலும் ஏறாது.

குடைந்த பற்களை இரவு பூராவும் சுடுவார்கள். 1500 டிகிரியை ஒட்டி. மின்சாரம் போய்விடக் கூடாதென்று மூலையில் பேட்டரிகள் அடுக்கியிருக்கின்றன.

சர்கோனியாவின் குணம் வியப்பானது. தூய சர்கோனியா 1170 டிகிரிக்கு மேல் ஒரு படிக வடிவத்தில் இருக்கும். ஆறும்போது வேறு வடிவத்துக்கு மாறி, நான்கைந்து சதவீதம் பருத்து, தானே நொறுங்கிப் போகும். இட்ரியா என்ற ஆக்சைடைச் சிறிதளவு சேர்த்தால், சூட்டில் இருந்த வடிவத்திலேயே அது அறை வெப்பத்திலும் நின்றுவிடுகிறது. பிறகு எங்காவது விரிசல் கிளம்பினால், அந்த விரிசலின் நுனியில் உள்ள மணிகள் மட்டும் வடிவம் மாறிப் பருத்து, விரிசலை நெரித்து நிறுத்துகின்றன. ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ என்ற மூவர் 1975-ல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார்கள். பீங்கானில் எஃகு கிடைத்துவிட்டதா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்தார்கள். இன்று பல்லுக்குப் போகும் சர்கோனியா ஏறக்குறைய 1000 மெகாபாஸ்கல் தாங்குகிறது. சீடையும் முறுக்கும் கடிக்கிற மயிலாப்பூர் கடைவாய்க்கு இது போதும். ஆனால் முன்பல்லுக்குக் கொஞ்சம் ஒளி ஊடுருவ வேண்டும். இட்ரியாவைக் கூட்டினால் ஒளி கூடும், வலு இறங்கும். இரண்டையும் முழுசாகக் கொடுக்கிற வட்டு இன்னும் வரவில்லை.

இந்த வெள்ளை வட்டின் மூலப்பொருள் நமக்கு அந்நியமானதல்ல. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நடந்தவர்கள் கருமணலை மிதித்திருப்பார்கள். இல்மனைட், ரூட்டைல், மோனசைட், கார்னெட்டோடு ஜிர்கானும் அந்த மணலில் கலந்து கிடக்கிறது. மத்திய அரசின் ஐஆர்இஎல் நிறுவனம் அதைப் பிரித்தெடுக்கிறது. ஜிர்கானிலிருந்து வருவதுதான் சர்கோனியா. அணு உலைக்கும் அந்த ஜிர்கான் போகிறது, ஆபரணக் கல்லுக்கும் போகிறது, கடைவாய்ப்பல்லுக்கும் போகிறது.

உள்ளறை மேசையின் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு பல் இருக்கிறது. முதலில் பார்க்கும்போது யாரோ விளையாட்டுக்குச் செய்தது என்று நினைக்கத் தோன்றும். லித்தியம் டைசிலிகேட் அது. லிக்டென்ஸ்டைன் நாட்டு இவோக்ளார் கம்பெனி பிரபலப்படுத்திய பொருள். ஊதாவாக இருக்கும்போது மெஷின் எளிதாகக் குடையும். அதன் பின் 840 டிகிரியில் வைத்தால் உள்ளே ஊசி ஊசியாகப் படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஊதா மறைந்து பல்லின் நிறம் வந்துவிடும். வலு சர்கோனியாவில் பாதிக்கும் குறைவு, ஆனால் வெளிச்சத்தை உள்ளே விடும் அழகு அதிகம். முன்பல் என்றால் மாஸ்டர் இதைத்தான் விரும்புகிறார். டாக்டர்கள் எழுதி அனுப்புவதை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. போன் செய்து, “மேடம், இது சர்கோனியா வேணாமே” என்று சொல்வார். சில நேரம் கேட்பார்கள்.

ஒரு டப்பாவில் தாடையோடு ஒரு போட்டோவும் இருந்தது. முகம் வெட்டப்பட்டு, உதடும் பல்லும் மட்டும். பற்களில் பழுப்பும் சுண்ணாம்பு வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகக் கறை. உஸ்மான் ரோடு துணிக்கடையில் வேலை பார்க்கும் பையனாம், ஊர் தர்மபுரிப் பக்கம். அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியக் குடிநீர்த் தரம். பால்பல் விழுந்து முளைக்கிற பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்குப் பல் கறையோடே முளைக்கும். தேய்த்தால் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது; அதற்கு முன் வளர்ந்த தலைமுறை இப்போது வேலைக்கும் கல்யாணத்துக்கும் வந்திருக்கிறது. மாஸ்டர் போட்டோவை வெகுநேரம் பார்த்தார். “குடிச்ச தண்ணிக்குப் பல்லைக் குடுத்திருக்கான் புள்ள” என்றார், யாரையும் பார்க்காமல்.

அவனுக்கு ஆறு வெனீர். அரை மில்லிமீட்டர் தடிமனில் பீங்கான் சில்லுகள். இவ்வளவு மெல்லிய சில்லு உடையாமல் நிற்பது ஒட்டுவதில் இருக்கிறது. உட்பக்கத்தை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தால் அரித்துக் கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கி, சிலேன் தடவி, பிசினால் பல்லோடு பிடிக்க வைக்கிறார்கள். கண்ணாடித் தன்மை உள்ள பீங்கானில்தான் அமிலம் இப்படி வேலை செய்யும். சர்கோனியாவில் கண்ணாடி இல்லை, அதற்கு வேறு வழி. பல்லைக் கெடுத்ததும் ஃப்ளோரின், சில்லைப் பிடிக்கவைப்பதும் ஃப்ளோரின். அந்த ஆறு சில்லுக்கும் அவன் எத்தனை மாதச் சம்பளத்தைச் சேர்த்திருப்பான் என்று யோசித்துக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன்.

தூசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேப்பைத் தேய்க்கும்போதும் மணல் வீசி உலோகத்தைச் சுத்தம் செய்யும்போதும் எழும் தூளில் சிலிக்காவும் கோபால்ட், குரோமியம், நிக்கல் முதலானவையும் உண்டு. பல் லேப்களில் வேலை செய்கிறவர்களுக்கு இதனால் நுரையீரல் நோய் வருவதை மருத்துவம் பதிவு செய்திருக்கிறது. இங்கே உறிஞ்சுகுழாய் இருக்கிறது, முகமூடியும் இருக்கிறது. இரண்டும் இல்லாத லேப்களில் பையன்கள் குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். குறைந்த விலைக்குக் கேப் வாங்கும் நாம் அந்த விலை எங்கே குறைக்கப்பட்டது என்று யாரும் விசாரிப்பதில்லை.

பதினொரு மணி சுமாருக்குப் படிக்கட்டில் செருப்புச் சத்தம். மயிலாப்பூர் 21 நேரில் வந்திருக்கிறார்.

கச்சேரி ரோடு பக்கத்திலிருந்து வருகிறார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. கூடவே மகள். வழுக்கி விழுந்ததில் முன்பல் பாதியில் உடைந்து, ரூட் கெனால் செய்து, இப்போது தற்காலிக பிளாஸ்டிக் பல்லோடு இருக்கிறார். கிளினிக்கின் டியூப்லைட்டில் ஏ3 என்று பார்த்து எழுதியனுப்பியிருந்தார்கள். சுட்டுப் போன கேப்பை வைத்துப் பார்த்தபோது, வெளியே வெயிலில் அது தனியாகத் தெரிந்தது. டாக்டர் மேடமே அவரை இங்கே அனுப்பிவைத்துவிட்டார்.

“இப்படி வெளிச்சத்துல உக்காருங்கம்மா” என்று தன் நாற்காலியையே கொடுத்தார் மாஸ்டர். வடக்குப் பார்த்த ஜன்னல். பையன் டியூப்லைட்டை அணைத்தான். அம்மாவின் சேலை கிளிப்பச்சை. சாம்பல் நிறத் துணி ஒன்றை எடுத்து, “இதைக் கொஞ்சம் போத்திக்கிறீங்களாம்மா, புடவைக் கலர் பல்லுல விழுது” என்று கேட்டார். மகள் போர்த்திவிட்டாள்.

“பேசிக்கிட்டே இருங்க. வாயை மூடித் தொறங்க. பல்லு காயவே கூடாது.”

காய்ந்த பல் வெளுத்துவிடும். உள்ளிருக்கும் நீர் போய், அந்த இடத்தில் காற்று புகுந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கும். பல்லைச் சீவி முடித்து, பஞ்சு அடைத்து, வாய் வறண்டு கிடக்கும்போது நிறம் பார்த்தால் தவறுவது அதனால்தான்.

மாஸ்டர் நிறப் பட்டியை எடுத்தார். ஜெர்மனியின் வீட்டா கம்பெனியின் பட்டி. உலகமெங்கும் பல்லின் நிறத்தைச் சொல்லப் பழகிய மொழி அது. பதினாறு பீங்கான் பற்கள். ஏ வரிசையில் செம்பழுப்புச் சாயல், பி-யில் மஞ்சள், சி-யில் சாம்பல், டி-யில் செஞ்சாம்பல். முதலில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தார். நிறம் மங்கி, வெளுப்பா இருட்டா என்பது மட்டும் தெரிவதற்காக. பிறகு கண்ணைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பல்லருகே பிடித்தார். ஐந்து நொடிக்கு மேல் எதையும் பிடிக்கவில்லை. இடையிடையே சாம்பல் அட்டையைப் பார்த்துக் கண்ணை ஆற்றிக்கொண்டார்.

கீழே மேட்சிங் சென்டரில் ப்ளவுஸ் துணி எடுக்கும் பெண்கள், சேலையையும் துணியையும் வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பதைத் தினமும் காணலாம். கடைக்குள்ளிருக்கும் விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு சிவப்பும் வாசலில் வேறு வேறாகிவிடும். பல்லுக்கும் அதே விதிதான். ஒரு ப்ளவுஸ் துணிக்குக் காட்டும் அந்தக் கவனம், இருபது வருஷம் முகத்தில் இருக்கப்போகிற பல்லுக்குப் பல இடங்களில் கிடைப்பதில்லை.

“கொஞ்சம் வெள்ளையாவே வெச்சிடுங்களேன் சார்” என்றாள் மகள். “பக்கத்துப் பல்லை அப்புறமா ப்ளீச் பண்ணிக்கலாம்.”

“முதல்ல ப்ளீச் பண்ணணும்மா. பண்ணி ரெண்டு வாரம் விட்டு, அந்தக் கலர் நின்னதுக்கப்புறம்தான் கேப். பீங்கான் ப்ளீச்ல மாறாது. நாம வெச்சது வெச்சதுதான்.”

அம்மா கையமர்த்தினார். “ப்ளீச்சும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அம்பது வருஷம் காபி குடிச்ச பல்லு. அது எப்படி இருக்கோ அப்படியே பக்கத்துல ஒண்ணு வையுங்க, போதும்.”

மாஸ்டர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்ததைப் பார்த்தேன். ஒரு காகிதத்தில் உள்ளங்கையளவு பல் ஒன்றை வரைந்தார். ஈறோரம் ஏ3.5. நடுவில் ஏ3. நுனியில் சாம்பல் கலந்த நீலம், அதற்கும் கீழே மெல்லிய வெள்ளை விளிம்பு. வலது மூலையில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு. இப்படித்தான் ஒரு பல் ஏழெட்டு நிறமாகப் பிரிந்தது. நான் எட்ட இருந்து பார்த்தபோது அது வெறும் பழுப்பேறிய பல்லாகத்தான் எனக்குத் தெரிந்திருந்தது.

பிறகு தயங்கிக் கேட்டார். “பக்கத்துப் பல்லுல மேலிருந்து கீழா ஒரு மயிரிழைக் கோடு ஓடுதும்மா. வயசுக்கு வர்றது. இதுலயும் லேசா ஒண்ணு போடட்டுங்களா? போட்டாத்தான் ஜோடி மாதிரி இருக்கும்.”

“இருக்கறதைத்தானே போடறீங்க. போடுங்க.”

போனில் படம் எடுத்துக்கொண்டார், நிறப் பட்டியின் பல்லையும் பக்கத்தில் பிடித்து. அவர்கள் இறங்கிப் போன பிறகு உடனே மேசையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் இருப்பது கலைவதற்குள் கட்ட வேண்டும். இந்தத் தடவை லித்தியம் டைசிலிகேட் கூடு. மேடத்தைப் போனில் சம்மதிக்க வைத்திருந்தார். ஈறோரத்துக்கு அடர்ந்த பொடி, நுனிக்கு ஒளி புகும் பொடி, இரண்டுக்கும் நடுவே விரல் விரலாக இறங்கும் மூன்று மேடுகள். அந்த மேடுகளின் இடுக்கில்தான் இயற்கைப் பல்லின் நீலம் ஒளிந்திருக்கிறது. கோட்டை ஒற்றை மயிர்த் தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார்.

புற ஊதா வெளிச்சத்தில் இயற்கைப் பல் நீலவெள்ளையாக மினுங்கும். கல்யாண மண்டபத்து மேடை விளக்கில் பீங்கான் பல் மட்டும் இருண்டு போகாமலிருக்க, அந்த மினுக்கத்தையும் பொடியில் சேர்க்கிறார்கள். ஒரு காலத்தில் அதற்கு யுரேனியமே கலந்தார்கள்; இப்போது அரிய மண் தனிமங்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

பல் சுட்டு வந்தது. மாஸ்டர் காகிதத்தோடு ஒப்பிட்டார். நுனியில் கொஞ்சம் கூட்டி இன்னொரு தடவை சுட்டார். தேய்த்து வடிவம் கொடுத்தார்; மேற்பரப்பில் குறுக்காக ஓடும் நுண்வரிகளைக்கூட விடவில்லை. கடைசியாக மெருகுச் சூடு. மெருகு வந்த பீங்கானில் காபியும் வெற்றிலையும் ஒட்டாது. அம்மாவின் மற்றப் பற்கள் இன்னும் பழுப்பேறும், இது இன்றைய நிறத்திலேயே நிற்கும். அதை மாற்ற எந்த லேப்பாலும் முடியாது.

மாலையில் பையன் டப்பாக்களைப் பையில் அடுக்கிக்கொண்டு வண்டியை எடுத்தான். மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு. 21 அந்தப் பையில் போயிற்று. அது அந்த அம்மாவின் வாயில் எப்படி அமைந்தது என்று மாஸ்டருக்குத் தகவல் வராது. சரியில்லை என்றால் டப்பா திரும்பி வரும். வராவிட்டால் நன்றாக இருக்கிறது என்று அவரே எடுத்துக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷங்களாக அவருக்குக் கிடைத்த பாராட்டு இந்தத் திரும்பி வராத டப்பாக்கள்தான்.

1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் டென்டல் மெக்கானிக்குகளுக்கும் பதிவேடு வைத்தது. சென்னையில் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவு 1953-ல் தொடங்கியது. இந்த நகரத்தில் பல் வைத்தியத்துக்கு இவ்வளவு வயதாகிவிட்டது. இருந்தும் சர்கோனியா கேப்போடு கையில் கொடுக்கிற வாரண்டி அட்டையில் வட்டு செய்த வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் இருக்கும், டாக்டர் பெயர் இருக்கும், நம் பெயர் இருக்கும். அந்தப் பல்லைக் கட்டிய கைக்கு அதில் ஒரு வரி இருக்காது. இது சரியல்ல. சேர்ப்பதற்குச் செலவு ஒன்றும் ஆகப்போவதில்லை.

கேப் போடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என்ன பொருள் வைக்கப்போகிறீர்கள், இந்தப் பல்லுக்கு அது ஏன் என்று டாக்டரிடம் கேளுங்கள். நல்ல டாக்டர் சந்தோஷமாகச் சொல்வார். பல்லைச் சீவத் தொடங்கும் முன்பே, வாய் ஈரமாக இருக்கும்போதே, ஜன்னலோரம் நிறம் பார்க்கச் சொல்லுங்கள். பளிச்சென்ற உடையும் உதட்டுச் சாயமும் அன்றைக்கு வேண்டாம். முன்பல் என்றால், லேப்காரர் ஒரு தடவை நேரில் பார்க்க முடியுமா என்றும் விசாரியுங்கள். பொருந்தி வந்த பிறகு, பல் நன்றாக இருக்கிறது என்று அந்த லேப்புக்கு ஒரு போன் செய்யச் சொல்லுங்கள்.